அண்டாவுக்கும் ஒரு ‘ங்க’

இயற்கை படைத்த பிரபஞ்சத்தின் எந்த மூலையையும் விடக் குளிரான இடம் பெரம்பலூர்தான் என்று தமிழழகன் சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகியபடி அறிவித்தான். முகத்தில் சிரிப்பில்லை. குரும்பலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சொன்னது பொய்யில்லை. அவன் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் ஓர் உலோக அண்டா இருந்தது. அதன் வயிற்றுக்குள் விண்வெளியையே மிஞ்சும் குளிர். அந்தக் குளிரில் மின்தடையை அறவே இழந்துவிடும் அலுமினியப் படலத்தால், அவனோடு ஆராய்ச்சி செய்யும் அனிதா மேரி ஒரு டிடெக்டர் செய்திருந்தாள். விண்வெளித் தொலைநோக்கியில் பொருத்தினால், எங்கோ கிடக்கும் விண்மீன் தூசியின் சொற்ப வெப்பத்தையும் அது பிடிக்கும். பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். தவறினால் தொலைநோக்கிக் குழு அவள் டிடெக்டர் சிப்பை ஒதுக்கிவிடும்.

ஏலாக்குறிச்சிக்காரி அனிதா. அண்டாவை மூடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்து, “குளிருக்குள்ள மெல்ல இறங்குங்க, அவசரமில்ல” என்பாள்.

“வூட்டுக்கு வந்த சம்பந்தியா அது? அலுமினியத்துக்கு எதுக்கு ‘ங்க’?” என்றான் தமிழழகன். “நான் சாருங்களுக்கே பாதி ‘ங்க’தான் போடுறேன்.”

“அதான் உனக்குப் பாதி மார்க்கு.”

அண்டா குளிர்ந்தது. திரையில் சிப்பு காட்டும் கோடு மட்டும் அடங்காமல் துள்ளியது. பேராசிரியை சிந்தாமணி கண்ணாடியைக் கழற்றினார். “சிப்பு சரியில்லம்மா. விட்டுரு.”

அனிதா அண்டாவின் உட்கூட்டை இம்மியளவு சூடாக்கிப் பார்த்தாள். கோடும் கூடவே எகிறியது.

“இவங்க சரியாத்தான் பாக்குறாங்க மேடம். ஏதோ இடுக்கு வழியா வர்ற சூட்டைப் பாக்குறாங்க.”

திறந்தார்கள். உள்மூடியில் ஒரு திருகு பாதியிலேயே நின்றது. அந்தப் பக்கத்தை முடுக்கியவன் தமிழழகன்; ஒரு கையில் திருப்புளி, மறுகையில் செல்ஃபி.

“யாரு மூடுனது?” என்றார் சிந்தாமணி.

“நாமதான் மேடம் சரியா மூடல” என்றாள் அனிதா.

‘நாங்க’ இல்லை, ‘நாம’. அதற்குள் மேடமும் அடங்கிவிட்டதால் விசாரணை அத்தோடு முடிந்தது. அதற்குள் தனக்கும் இடம் கொடுத்தவளைத் தமிழழகன் நிமிர்ந்து பார்க்கவில்லை. திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, மறுபடி தொட்டுப் பார்த்தான்.

மறுமுறை குளிர்ந்தபோது கோடு குளத்துத் தண்ணீராய்க் கிடந்தது. வியாழன் மதியமே முடிவுகள் போய்ச் சேர்ந்தன. அனிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

“டீ நான் வாங்கித் தரேன் மேரி” என்றான் தமிழழகன்.

“ரெண்டு வடையும்” என்று மேடத்தோடு இறங்கிப் போனாள்.

தமிழழகன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு அண்டாவின் காது இருக்கக்கூடும் என்று தோன்றிய இடத்தில் குனிந்தான்.

“ரொம்ப நன்றிங்க.”