இந்தத் தடவை யாரு?

திங்கட்கிழமை காலையில் ரஞ்சிதாவுக்கு நாற்பத்தொரு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். வேலையில் சேர்ந்து ஆறு ஆண்டு நிறைவாம். வேலை பார்ப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்துக்கொள்ளும் அந்தத் தளம், நாள் பார்த்துத் தானாகவே அறிவித்திருந்தது. அந்த வேலை போய் மூன்று மாதம் ஆகிறது என்பதை அவள் அங்கே மாற்றவில்லை. மாற்றாமல் விடுவது பொய் சொல்வதாகாது என்று தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். நாற்பத்தொரு பேருக்கும் ஒவ்வொருவராக 'நன்றி' அனுப்பி முடித்தபோது அது பொய்யாகிவிட்டது.

கணவன் ஜான்பீட்டருக்கு வேளாண்மை அலுவலகத்தில் மாற்றல் வந்ததால்தான் அவர்கள் மலைமேல் செம்மேட்டில் குடியிருக்கிறார்கள். செய்தி இணையதள வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று அவளும் மலையேறி வந்தாள். நவம்பரில் ஒரு காணொலி அழைப்பில், ஏழு நிமிடத்தில், அவளுடைய பிரிவையே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். ஜான்பீட்டர் கேட்டுவிட்டு, "விடு ரஞ்சி. இந்தக் காத்துக்காக ஜனங்க வண்டி புடிச்சு வருது. கொஞ்ச நாள் சும்மா இரு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் எடப்புளி நாட்டு மலைக்கிராமங்கள் பக்கம் ஜீப்பில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். அதுவரை அவன் சொன்ன அந்தச் 'சும்மா' அவளோடு வீட்டுக்குள் கிடந்தது.

இணையதளங்களில் வேலை செய்யும் பெண்கள் நூற்றுச்சொச்சம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 'அக்கா' என்றால் ரஞ்சிதாதான். யாருக்கு வேலை போனாலும், யாரை நேர்முகத்துக்கு அழைத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும், எழுதியதில் எதை முதலில் காட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பாள். "கூச்சப்படாதே, வாயைத் திறந்து கேள். கேக்காதவளுக்கு யாரும் எடுத்து வைக்க மாட்டாங்க" என்பாள். அவள் சொல்லி இருபது பேருக்காவது வேலை கிடைத்திருக்கும். அந்த இருபது பேரில் ஒருத்தியிடம்கூட 'எனக்கு ஒரு இடம் பார்' என்று சொல்ல இந்த மூன்று மாதத்தில் வாய் வரவில்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எடுப்பாள். அதற்குள் "அக்கா, ஒரு உதவி" என்று குரல் வரும். "சொல்லு கண்ணு" என்பாள். அதோடு சரி.

போன வாரம், முருகானந்தம் நடத்தும் தளத்துக்குத் துணை ஆசிரியர் ஒருவர் தேவை என்று தெரிந்தது. முருகானந்தம் முன்பு சேலத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். வீட்டிலிருந்தே செய்யலாம். இதை விட்டால் இந்த மலைக்கு எந்த வேலை ஏறி வரப்போகிறது? நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினாள்: 'ஆள் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அது விஷயமா பேசலாமா?'

'நானே கூப்பிடணும்னு இருந்தேன். புதன்கிழமை நாலு மணி' என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள்.

புதன்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, பாதிப் பேச்சு விழுந்துவிடும். மாடியில் வீட்டுக்காரி அத்தாயி, தார்ப்பாயில் காயப்போட்ட மிளகைக் காலால் அளைந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க கண்ணு, சேலையெல்லாம் கட்டீட்டு! இன்னைக்கு எந்தப் புள்ளைக்கு வேலை வாங்கித் தரப் போறீங்க?"

"பாக்கலாங்க்கா."

"ஊருக்கெல்லாம் வாங்கித் தர்றீங்க, எங்கூட்டுப் பையன் பூபதிக்கும் ஒண்ணு பாத்து உடுங்க. எழுதத்தான் வராது. பேச்சுன்னா ஏழு ஊருக்குப் பேசுவான்."

"அப்ப டிவிக்குத்தான் அனுப்பணும்."

அத்தாயி வாய்விட்டுச் சிரிக்கையில் ஃபோன் அடித்தது. ரஞ்சிதா மாடியின் மறுகோடிக்கு நகர்ந்தாள்.

"சொல்லுங்க ரஞ்சிதா," என்றார் முருகானந்தம் உற்சாகமாக. "இந்தத் தடவை யாரு?"

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நானே சொல்லட்டுமா? பூங்குழலிதானே? விசாரிக்கறதுக்கு அந்தப் பொண்ணும் உங்க பேரைத்தான் கொடுத்திருக்கு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். அப்புறம், ஆறு வருஷம்! நம்ம செட்டுல ஒரே இடத்துல காலை ஊனினது நீங்க ஒருத்தர்தான்."

வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பூங்குழலிக்கு மூன்று மதியம் நேர்முகப் பயிற்சி கொடுத்தது ரஞ்சிதாதான். எந்த இடத்துக்கு என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"எப்படி அந்தப் பொண்ணு?" என்றார்.

'நல்ல பொண்ணுதான், ஆனா' என்று கொஞ்சம் இழுத்தால் போதும். அந்த 'ஆனா' எத்தனை பேருடைய வேலையைத் தின்றிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது நாக்கு நுனி வரை வந்ததும் தெரிந்தது. தனக்குள் இப்படி ஒருத்தி இத்தனை நாளும் எங்கே இருந்தாள்?

"மூணு பேர்கிட்ட சரிபார்க்காம ஒரு தகவலை விடமாட்டா," என்றாள். "எழுத்து சுத்தமா இருக்கும்."

"குறை?"

"தெரியலைன்னா கூச்சப்படாம கேட்டுடுவா. சில பேருக்கு அது பிடிக்காது."

"எனக்குப் பிடிக்கும். போதும், முடிவாயிடுச்சு. காலையில மெயில் போட்டுடறேன். வேற ஒண்ணுமில்லையே?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் எனக்காகத்தான் கேட்டேன், முருகானந்தம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததால் நிறுத்தினார்.

"நவம்பர்லயே வேலை போயிடுச்சு."

"திங்கக்கிழமைதானே எனக்கு நன்றின்னு அனுப்பினீங்க?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே ரஞ்சிதா!"

"பேசலாமான்னு கேட்டேனே."

"நீங்க எப்பவும் மத்தவங்களுக்குத்தானே..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. "வேற இடம் வந்தா பாக்கறேன். கண்டிப்பா பாக்கறேன்."

'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று குழுவில் எத்தனையோ பேருக்கு அவளே விளக்கியிருக்கிறாள்.

"கெடச்சுதுங்களா?" அத்தாயி அங்கிருந்தே கேட்டாள்.

"கெடச்சுதுக்கா."

"நல்லாருக்கட்டும் அந்தப் புள்ள," என்று சொல்லிவிட்டு, வெயில் இறங்கியதால் மிளகை வாரத் தொடங்கினாள்.

ரஞ்சிதா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தத் தளத்தில் தன் பக்கத்தைத் திறந்தாள். வேலை முடிந்த மாதம்: நவம்பர் என்று போட்டாள். உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள்.

நான்கைந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. 'வாழ்த்துகள் அக்கா!' அடுத்தது ஒரு பூங்கொத்து. மூன்றாவதும் வாழ்த்துதான். யாரும் படித்திருக்கவில்லை. கைப்பழக்கம். அவளும் இப்படி எத்தனை பேருடைய நவம்பரைப் படிக்காமல் பூங்கொத்து போட்டிருப்பாளோ.

பிறகு ஃபோன் அடித்தது. பூங்குழலி.

"அக்கா, என்னது இது, நவம்பர்னு போட்டிருக்கு? கை தவறி மாத்திட்டீங்களா?"

'சொல்லு கண்ணு' என்பது வழக்கம்போல் வாயில் வந்து நின்றது. ரஞ்சிதா அதை விழுங்கினாள்.

"கை தவறல. பூங்குழலி, உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கா? நான் பேசணும்."

"பேசுங்கக்கா."

மறுமுனையில் அந்தப் பெண் காத்திருந்தாள். நேர்முகத்தில் முதல் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.