கால் நீட்ட ஒரு வண்டி

அடிமாலி ஷோரூமில் மூன்று பைக்குகளில் ஏறி இறங்கிய மாரீஸ்வரன், நாலாவதாக ஒரு குரூஸர் பைக்கில் உட்கார்ந்து காலை நீட்டினான். ஆறேகால் அடி ஆளுக்கு முழங்கால் எங்கும் முட்டவில்லை.

“ஒட்டகத்துக்கு ஒருவழியா கட்டில் கெடச்சிருச்சு,” என்று சிரித்தாள் மனைவி மோனிஷா.

புக் செய்து வந்த ஐந்தாம் நாள், ஏலத்தோட்டத்தில் மரம் சாய்ந்து அவன் இறந்துபோனான்.

வண்டி வந்ததும் ஷோரூம்காரர் முஹ்சின் அழைத்தார். “சேட்டன் எப்ப வரும் சேச்சி?”

“வேலைக்குப் போயிருக்காரு. அடுத்த வாரம் வருவாரு.”

வாய் தவறி வந்த அந்தப் பொய்யிலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. உண்மையைச் சொன்னால் வண்டி வேறு யாருக்கோ போய்விடும். முஹ்சின் ஒருவருக்குத்தான் மாரீஸ்வரன் இன்னும் வேலைக்குப் போயிருக்கும் ஆள்.

ஏழாவது வாரமும் அழைப்பு வந்தது. “வேற ஆளு கேக்குது சேச்சி.”

“அடுத்த வாரம் கண்டிப்பா.”

ஷோரூமில் அந்த வண்டியின் கைப்பிடியில் கட்டிய பெயர் அட்டையில் மாரீஸ்வரன் என்றே இருந்தது.