பஸ் டிரைவரின் பன்னிரண்டாவது வாரம்

அந்த ஆஸ்பத்திரியில் 'நோட்டு சிஸ்டர்' என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பெருங்குடல் புண்ணுக்கு வந்திருந்த ஒரு புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி அவள் பொறுப்பில் நடந்தது. முப்பத்தோரு நோயாளிகள், ஆளுக்கொரு நோட்டு. தினமும் எத்தனை தடவை கழிவறைக்குப் போனார்கள், ரத்தம் போனதா, வலி எப்படி என்று அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஒரு நோட்டிலும் ஒரு வரிகூடக் காலியாக இருந்ததில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

எண்ணிக்கை குறைந்திருந்தால் "பிரமாதம்!" என்று கைதட்டுவாள். கூடியிருந்தால் முகம் வாடிவிடும். அது ஒரு தப்பு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது வாரம் குடலைக் கேமராவில் பார்த்து, அதோடு கடைசி ஏழு நாள் நோட்டையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். குணம் தெரிந்தால் ஒரு வருஷம் முடியும்வரை அதே மாத்திரை. தெரியாவிட்டால், ஒளிவுமறைவு இல்லாமல் நிஜ மருந்து.

அந்தத் திங்கட்கிழமை பஸ் டிரைவருக்குப் பன்னிரண்டாவது வாரம். மனைவியோடு வந்தார். சட்டை காலர் கழுத்தில் ஒட்டாமல் ஆடியது.

சிஸ்டர் நோட்டைப் பிரித்தாள். ஒன்பதில் ஆரம்பித்தவர், கடைசி வாரம் முழுக்க இரண்டு.

"ரெண்டு, ரெண்டு, ரெண்டு! டிரைவர் சார், நம்ம சென்டருக்கே நீங்கதான் ஹீரோ!"

"எது சிஸ்டர் ரெண்டு?" என்றாள் மனைவி.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு..."

"ஒரு நாளைக்கா? இங்க வர்ற வழியிலேயே ரெண்டு ஆச்சே! ஒண்ணு பெட்ரோல் பங்க்ல, இன்னொண்ணு கீழே ரிசப்ஷன் பக்கத்துல."

"நீ கொஞ்சம் சும்மா இரேன்," என்றார் டிரைவர்.

"நான் சும்மாதான் இருக்கேன். உங்க வயிறுதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

டிரைவர் தலை கவிழ்ந்தது. ஓடும் பஸ்ஸை நிறுத்தி, நாற்பது பயணிகளுக்கு முன்னால் இறங்கி ஓடியவர் அவர். அப்போதுகூட இவ்வளவு கூசியிருக்க மாட்டார்.

"நாலாவது வாரம் ஏழுன்னு எழுதிட்டு வந்தேன். நீங்க கை தட்டினீங்க. அப்புறம் மறுபடி ஒன்பதாச்சு. அதை எழுதி எடுத்துட்டு வந்து உங்க முகத்தைப் பார்க்க மனசு வரல சிஸ்டர்."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. இந்த இரண்டுகளை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் 'குணம்' என்றுதான் வரும். ஒருவேளை வெறும் மாத்திரையாக இருந்துவிட்டால், இன்னும் ஒன்பது மாதம் ரத்தம் போக அதையே விழுங்கிக்கொண்டு வண்டி ஓட்டுவார்.

"நோட்டைக் கொடுங்க, திருத்திடறேன்," என்றார் டிரைவர்.

"எழுதினதை அழிக்கக் கூடாது சார். ஞாபகத்துல இருந்து எழுதறதும் செல்லாது. ஏழு நாள் தவணை வாங்கலாம். கேமராவையும் தள்ளி வெச்சுட்டு, இன்னிலேருந்து உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

தவணை வாங்குவதென்றால் மருந்து கம்பெனிக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். டாக்டர் அவள் எழுதியதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார்.

"வியாழக்கிழமை கம்பெனி ஆய்வாளர் வர்றார். அடுத்த ஆராய்ச்சிக்கு நம்மளைத் தலைமை சென்டரா போடலாமான்னு பார்க்கத்தான் வர்றார். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"'நோயாளி தவறாக எழுதினார்'னு ஒரு வரி போட்டா போதாதா? எதுக்கு உங்க தலையையும் சேர்த்துக் கொடுக்கறீங்க?"

"எழுதினது அவர். எழுத வெச்சது நான்."

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பேனாவைத் திறந்து அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "போங்க. விழுந்தா சேர்ந்தே விழுவோம்," என்றார்.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் சிரிக்கத் தெரியாதவர். எல்லாக் கோப்பையும் புரட்டியவர் அந்த ஒரு காகிதத்தில் நின்றுவிட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்." சிஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தாள். "மத்த முப்பது நோட்டையும் பாருங்க சார். அங்கேயும் நான் கை தட்டியிருக்கேன்."

மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் போற சென்டர்ல எல்லாம் நோயாளிகள் நோட்டுல ரொம்ப ஒழுங்கா குணமாகறாங்கம்மா. ஏன்னு கேட்டா எல்லாரும் மருந்தைக் கை காட்டறாங்க. தன்னைக் கை காட்டின ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." அந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் கேட்டார். தலைமை சென்டர் விஷயம் மேலேதான் முடிவாகும் என்றார். முப்பது நோட்டையும் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது டாக்டரிடம், "இவங்களை யாருக்கும் விட்டுக் கொடுத்துடாதீங்க," என்றார்.

"கேட்டாலும் கொடுக்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

ஏழு நாள் கழித்து டிரைவர் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ஒன்பது. எட்டு. ஒன்பது. ஒன்பது. பத்து. ஒன்பது. எட்டு. கை துறுதுறுத்தது, நாக்கு துறுதுறுத்தது. சிஸ்டர் சிரிக்கவும் இல்லை, 'அடடா' என்று உச்சுக் கொட்டவும் இல்லை. சுவர் மாதிரி உட்கார்ந்து எண்களைப் பதிவு செய்தாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

கேமராவும் ஆயிற்று. இரண்டு நாளில் முடிவு வந்தது: முன்னேற்றம் இல்லை.

"ஃபெயிலா சிஸ்டர்?" என்றார் டிரைவர்.

"அந்த மாத்திரைதான் ஃபெயில். இந்தாங்க, நிஜ மருந்து." பெயர் அச்சிட்ட பெட்டியை அவர் கையில் வைத்தாள். "இது கேக்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்க எழுதித்தான் தெரியணும். எனக்கு மட்டுமில்ல, உங்களுக்குப் பின்னாடி வரப்போற அத்தனை பேருக்கும்."

டிரைவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே வராந்தாவில் அவர் மனைவியின் குரல் கேட்டது. பக்கத்துப் பெஞ்சில் நோட்டும் கையுமாக இருந்த யாரிடமோ அளந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மறைக்காம எழுதினாரு, தெரியுமா? ஒரு நாளைக்கு ஒன்பது!"

"ஒரு நாள் பத்து," என்று வெளியே வந்து திருத்தினார் டிரைவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.