ஐம்பத்தேழு கிலோமீட்டர்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. அதற்கு அடுத்துத்தான் என் தம்பி பிறந்தான்.

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நான் தெருவில் இறங்கமாட்டேன். வீட்டில் இது கேலிக்குரிய விஷயம். ஆனால் ஆபீஸில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான். நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் ஒரே கணினி வலையில் இணைக்கிறோம். கம்பெனிக்காரர்கள் கண்ணாடி இழைக் கேபிளை மண்ணுக்குள் பதிப்பார்கள். நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு கேபிள், இரண்டு வெவ்வேறு சாலை வழியாக. ஒன்றைப் பொக்லைன் வெட்டிவிட்டாலும் இன்னொன்று வேலை செய்யும். போன வருஷம் ஒற்றைக் கேபிள் அறுந்து ஒரு நிலநடுக்க ஆய்வுக்கூடம் நாலு நாள் குருடாகக் கிடந்தது. அந்த நாலு நாள் பதிவு போனது போனதுதான்.

இந்த முறை வந்த ஜோடியைப் பதித்த கம்பெனியில் என் தம்பி வேலை பார்த்தான். இழைகளை உருக்கி ஒட்டுவது அவன் வேலை. இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். நான் பேனாவைத் திறந்தாலே நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நெடுஞ்சாலைக் கேபிள் நாற்பத்தொரு கிலோமீட்டர். மலைச் சாலைக் கேபிள் ஐம்பத்தேழு. கருவியை மாட்டி ஒளியை அனுப்பினேன். இரண்டு நீளமும் அச்சு அசலாகச் சரியாக வந்தன. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கேபிள் நாலு கிலோமீட்டர் உருளைகளாக வரும். ஒட்டின இடத்தில் எல்லாம் கொஞ்சம் ஒளி கசிந்து, திரையில் கோடு ஒரு சின்னப் படி இறங்கும். மலைச் சாலைக் கோடு இருபதாவது கிலோமீட்டர் வரை ஒழுங்காகப் படி இறங்கியது. பிறகு பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு படி கூட இல்லை. சாலையோரத்துக் காற்றிலும் தூசியிலும் உட்கார்ந்து அப்படி யாராலும் ஒட்ட முடியாது. மேஜை போட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டால் முடியும்.

தம்பிக்கு போன் போட்டேன்.

"மலைச் சாலை வேலை எப்படிடா போச்சு?"

"நல்லா போச்சுக்கா. நீ நல்லாப் பாத்துக்கோ" என்றான். சின்ன வயதில் பொய் சொல்லும்போது குரல் இப்படித்தான் மெலியும்.

பதினோரு நாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் திருடன் என்றால் நானே பிடித்துக் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நான் திருடி. ஐம்பத்தேழில் நாற்பத்தொன்றைக் கழித்தாலும் அதே பதினாறுதான் வந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், மலைச் சாலையில் அல்ல, நெடுஞ்சாலையில். சரியாக இருபதாவது கிலோமீட்டரில் ஒரு குடோன் இருந்தது. துருப்பிடித்த கதவில் புத்தம் புதுப் பூட்டு.

தம்பியை வரச் சொன்னேன். ஏன் என்று கூடக் கேட்காமல் சாவியோடு வந்தான். உள்ளே ஆள் உயரத்துக்கு நாலு உருளை. நெடுஞ்சாலைப் பள்ளத்திலிருந்து வந்த கேபிள் நாலிலும் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அதே பள்ளத்துக்குள் போனது. இரண்டு கேபிளும் ஒரே குழியில்தான் கிடந்தன. மலைச் சாலையில் அடையாளக் கற்களை மட்டும் நட்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மலை ஏற வேண்டிய கேபிள் இங்க என்னடா பண்ணுது?"

"எங்க முதலாளி சார் செய்யச் சொன்னாரு. மலையெல்லாம் பாறை, வெட்ட ஆறு மாசம் ஆகும்னு. வாயத் திறந்தா இந்தத் தொழில்லயே இருக்க முடியாதுன்னாரு."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. அந்த ஒட்டைப் பாத்தியா? என் ஆயுசுல அவ்வளவு சுத்தமா ஒட்டினதில்ல. கொஞ்சம் மோசமா ஒட்டியிருந்தா நீ தாண்டிப் போயிருப்ப." மூக்கை உறிஞ்சினான். "இது புரியப் பதினோரு நாளாக்கா உனக்கு?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நம்புவதா வேண்டாமா? மாட்டிக்கொண்டவன் சட்டென்று கட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் ஒட்டைப் பற்றி அறிக்கையில் எழுதினால், காட்டிக் கொடுத்தது அவன்தான் என்று முதலாளிக்குப் புரிந்துவிடும். குடோனைப் பூட்டச் சொல்லிவிட்டு மலைச் சாலைக்குப் போனேன். கடப்பாரையால் ஐந்து அடையாளக் கற்களைப் பெயர்த்தேன். அடியில் புழு மட்டும் இருந்தது. அதைப் படம் எடுத்தேன். புழுவை அல்ல, குழியை.

மறுநாள் எங்கள் ஆபீஸில் கூட்டம். கம்பெனி முதலாளி தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அறிக்கையில் கற்கள் மட்டும்தான் இருந்தன. எப்போதும் சிரிக்கிற முதலாளி அன்று சிரிக்கவில்லை. மலைச் சாலையை மறுபடி வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு என்னையும், பக்கத்தில் நின்ற தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நட்டு வச்ச கல்லை யாரும்மா பேத்துப் பாப்பாங்க? உங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க."

அறை முழுக்க என் வாயைப் பார்த்தது.

"யாரும் சொல்லல" என்றேன். "அந்த வேலையில என் தம்பியும் இருந்தான். அவன் மேல எனக்கு நம்பிக்கை கிடையாது."

"கூடப் பொறந்தவன் மேலயேவா?"

"ஆமா. அவன் தொட்ட எதையும் நான் நம்பமாட்டேன்."

ஒருத்தர் இருமினார். முதலாளியின் முகம் இளகியது. தம்பியின் தோளில் கையைப் போட்டார்.

"உனக்கு இப்படி ஒரு அக்காவாடா! நீ கவலைப்படாத. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

தம்பி தலையைத் தூக்காமல், "அவ எப்பவுமே அப்படித்தான் சார். எங்க வீட்டுல யாரும் அவகூட மனசு விட்டுப் பேசினதே இல்ல" என்றான்.

குரல் கொஞ்சமும் மெலியவில்லை.