இரண்டு இருமல்

சரிபுதீன் நானாவுக்கு இருமல் நோய் எதுவும் இருந்ததில்லை. விற்கிற துணி மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு லிந்துலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வருவார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து முனையில் நின்று இரண்டு முறை இருமுவார். "நானா வந்தீக்கேன் தங்கச்சி" என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்குப் பிறகும் மலைப்பக்கம் திரும்பிச் சற்று நேரம் நிற்பார். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கிற பெண்கள் சேலையைச் சரிசெய்துகொள்ளவும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் உள்ளே போகவும் அந்த நேரம் போதும். இருபது வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

அந்த இருமலைக் கெடுத்தவன் நான்.

1957ஆம் ஆண்டின் தொடக்கம். சூயஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. தேயிலைக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன என்று ஆபீசில் பேச்சு. நான் அங்கே சின்னக் கிளாக்கர். அந்த நாட்களில் ஒரு அமெரிக்கர் படம் காட்டும் வேனோடு தோட்டத்துக்கு வந்தார். கை கழுவுவது எப்படி என்று ஒரு சின்னப் படம். அதற்குப் பிறகு ஒரு கதைப் படம். ஆங்கிலப் படம் என்பதால், ஓட ஓட மைக்கில் தமிழில் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும். தோட்டத்துத் துரை என்னைக் கைகாட்டினார்.

அமெரிக்கர் நல்ல மனிதர்தான். தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார். பாலைவனத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளைத் தூக்கிக்கொண்டு போகிற அரபுக்காரர்கள், காப்பாற்ற வருகிற ஒரு வீரன். கதை அவ்வளவுதான். அவர்கள் உண்மையிலேயே அப்படியா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அரபுக்காரன் என்றால் அப்படித்தான். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தேர்தலுக்கு நிற்கிறவன் அவனை நாலு வார்த்தை திட்டினால் கைதட்டல் நிச்சயம். இப்போது கால்வாயையும் பிடித்துக்கொண்டான், பார்த்தாயா?"

நான் ஒரு அரபுக்காரரையும் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவனைப் போல, "ஆமாம் சார்" என்றேன். அவர் என் தோளில் கைவைத்தார். வெள்ளைக்காரர் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில், தினமும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், வெள்ளை வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டினார்கள். கூட்டத்தில் சரிபுதீன் நானாவும் இருந்தார். அரபு நாட்டுப் படம் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவருடைய முன்னோர் அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று அடிக்கடி சொல்லுவார்.

"படம் பாக்கிற பழக்கம் எனக்கில்ல தம்பி. மக்காவக் காட்டுவாங்களா?"

"தெரியல நானா. மணல் வரும்."

"மணல் போதும்" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நான் சொன்ன கதை எடுபடவில்லை. பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பின்னால் ஒருவன் சத்தமாகக் கொட்டாவி விட்டான். அமெரிக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் திரையில் அரபுக் கொள்ளைக்காரன் அந்தப் பெண்ணின் கூடாரத்தை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போனான். நான் மைக்கில் இரண்டு முறை இருமினேன்.

"நானா வந்தீக்கேன் தங்கச்சி."

களமே வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை. அந்தக் கொள்ளைக்காரன் வந்த போதெல்லாம் இருமினேன். பெண்ணைக் குதிரையில் தூக்கிப் போட்டபோது இருமினேன். குண்டு பட்டு அவன் விழுந்தபோது மெல்லிதாக இருமினேன். "நானா செத்துட்டாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

படம் முடிந்ததும் சரிபுதீன் நானா என்னிடம் வந்தார். "மணல் நல்லா ஈந்திச்சு தம்பி" என்றார். பாதையில் இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் லயத்து முனையில் அவர் இருமியபோது ஒவ்வொரு வாசலிலிருந்தும் இருமல் திரும்பி வந்தது. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். "தங்கச்சியத் தூக்க வந்துட்டாருங்கடி!" என்று பெண்களே சிரித்தார்கள். மாசி பிறந்தபோது அவர் இருமுவதை விட்டுவிட்டார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மலைப்பக்கம் திரும்பி எப்போதும் போல் நின்றார். பிறகு குரலும் கொடுக்காமல் உள்ளே நடந்தார்.

பேச்சியம்மா பீலியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் வருகிற சத்தம் இல்லை. திரும்பியவள் பத்தடியில் ஓர் ஆணைக் கண்டு அலறிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சரிபுதீன் நானாவைப் பெரட்டுக்களத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. மூட்டை அவிழ்ந்து சீத்தைத் துணிகள் சேற்றில் கிடந்தன. அவள் புருஷன் வீரய்யா குதித்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் குடுக்காம பீலிக்கே வந்து நிக்கிறான்யா!"

தோட்டத் தலைவர் இராமையா அவனை விலக்கினார். "நானா, இத்தன வருசமா இருமிட்டுத்தானே வருவீங்க. இன்னைக்கு என்னா வந்துச்சு?"

"இருமினாச் சிரிக்கிறாங்க. இருமாட்டி அடிக்கிறாங்க. நான் எப்பிடி வாற தலைவரே?"

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எம்மேல கை வைக்கலங்க" என்றாள் பின்னாலிருந்து பேச்சியம்மா. "பயந்து கத்திட்டேன், அம்புட்டுத்தான்."

"நீ வாய மூடு புள்ள" என்றான் வீரய்யா. "அதான் படத்துலயே பாத்தோமே தலைவரே. இவுங்க பரம்பரையே அங்கேருந்து வந்ததுன்னு இவரே சொல்லுவாரு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா படிச்சவரு. அந்த வெள்ளக்காரரோட பேசுனவரு. அந்தச் சாதி சனம் நெசமாவே அப்பிடித்தானா? நீங்க சொல்லுங்க, கேக்குறோம்."

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். அரபுக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது, இந்த மனிதரைத் தெரியும், இவர் இருமலை நிறுத்தியது என்னால். மூன்றும் நாக்கில் இருந்தன. துரை ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். களம் முழுக்க என் வாயையே பார்த்தது. சரிபுதீன் நானாவும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஐயாவே பேசல, பாத்தீங்கள்ல?" என்றான் வீரய்யா.

அதிகம் பேசாதது என் சுபாவம் என்று இன்றும் எல்லோரும் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அது சுபாவம் இல்லை.

வெளியார் எவரும் லயங்களுக்குள் வரக் கூடாது என்று மறுநாள் துரை உத்தரவிட்டார். தமிழில் எழுதும் வேலை எனக்கு. என் அப்பா நாற்பது வருடம் இந்த மலையில் கிடந்தவர். அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளி முந்தின வருடம் ஒரு கடிதம் வந்திருந்தது. அதைச் சத்தமாகப் படித்து முடித்ததும், "அப்ப நாம வெளியாளா?" என்று அவர் கேட்டார். அதே சொல்லை நான் பெரிய எழுத்தில், கோடு போட்டு, பிழையில்லாமல் எழுதினேன். காவல்காரன் அதைத் தோட்டத்து கேட்டில் அறைந்தான்.

மூன்றாம் நாள் தபால் எடுத்துக்கொண்டு திரும்பியபோது சரிபுதீன் நானா கேட்டருகே நின்றிருந்தார். முதுகில் மூட்டை, வேறு சட்டை.

"கண்ணு மட்டு, எழுத்து வெளங்குதில்ல. வாசிங்க ஐயா" என்றார்.

என்னை ஐயா என்று அவர் அழைத்ததே இல்லை. நான் வாசித்தேன். இரண்டு வரிதான்.

"ஒங்கட எழுத்தா?"

"ஆமா நானா."

அவர் உடனே போகவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் அவ்வளவு நேரம் நின்றார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் கையிலிருந்த தபால்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தபாலையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் லிந்துலை ரோட்டில் பாதி தூரம் போயிருந்தார்.