போர்வைச் சீட்டு

என் கவிதைப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுவாள். தொடவும் கொடுப்பாள். உறையை மட்டும் பிரிக்க விடமாட்டாள். “கசங்கிடும்” என்பாள்.

அது பொய். அவளால் அதைப் படிக்க முடியவில்லை. முடியாமல் செய்தவள் நான்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். துவைத்து, உலர்த்தி, தேய்த்து வரும் போர்வைகளை மடித்துப் பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டை ஊக்கால் குத்த வேண்டும். எந்த வார்டு, என்ன துணி, எத்தனை என்று அதில் இருக்கும். அழுக்குத் துணி திரும்பி வரும்போது அதே சீட்டும் கூடவே வரவேண்டும். எண்ணிச் சரிபார்க்க அதுதான் ஆதாரம். அம்மாவுக்கு எண்கள் தெரியும். எழுத்து தெரியாது. கல்லூரி விடுமுறையில் அந்தச் சீட்டுகளை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

முன்பக்கம் கணக்கு. பின்பக்கம் காலி. காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

*இந்தப் போர்வை*
*நேற்று இன்னொருவருடையது.*
*அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.*
*நாளை நீங்களும் போவீர்கள்.*

ஐந்தாம் வார்டுக்குப் போன ஒரு கட்டின் சீட்டில் இதை எழுதினேன். மூன்றாம் நாள் அழுக்குத் துணியோடு சீட்டு திரும்பி வந்தது. என் வரிகளுக்குக் கீழே யாரோ ஒரு நர்ஸ் அவசரக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘அவர் வீட்டுக்குப் போகவில்லை. இருந்தாலும் எழுதுங்கள்.’

அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பாராட்டும் அந்த ‘இருந்தாலும்’ அளவுக்கு வரவில்லை.

“என்னடி என் சீட்டுல கிறுக்குற?” என்றாள் அம்மா.

“படிச்சுப் பாரு.”

“எனக்கு எங்கடி தெரியும்?”

“தெரிஞ்சுக்கோ. யார் வேண்டாம்னாங்க?”

நான் அப்படித்தான் பேசுவேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டைத் திருப்பி, ‘போ’வைக் காட்டி, “இது என்ன எழுத்து?” என்றாள். அன்றைக்கு ‘போ’. மறுநாள் ‘வீ’. அந்த விடுமுறை முடிவதற்குள், விரலை வைத்து எழுத்துக்கூட்டி, நாலு வரிக்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு படித்துவிட்டாள். அடுத்த வருடம் தேநீர் இடைவேளையில் எல்லோருக்கும் உரக்கப் படிக்கிற ஆள் அவளாகிவிட்டாள். அவள் முகத்தில் அப்போது ஒரு திமிர் வரும். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

“ஏய், சத்தமாப் படி. இந்த மிஷின் போடுற கூச்சல்ல என் காதே போயிடுச்சு” என்பாள் இஸ்திரி அக்கா.

“காது போனா என்ன, வாய் போகலையே” என்பாள் ஊசி. கிழிந்த போர்வைகளைத் தைக்கிறவள் அவள். ஆளும் அப்படித்தான் இருப்பாள், பேச்சும் அப்படித்தான். எல்லோரும் ஊசி என்றே கூப்பிட்டார்கள்.

பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் வாங்கியதில்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்போதும் அம்மா தினமும் காலிச் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள், நான் எழுதிக் கொடுப்பேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு சிற்றிதழ் நடத்துகிறவர்களின் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். சனிக்கிழமை தோறும் ஒரு மாடி அறை. பத்துப் பதினைந்து பேர். எல்லோர் வீட்டிலும் அப்பாவுக்கு அப்பாவே புத்தகம் வாங்கிப் படித்தவர். அங்கே போர்வைக் கவிதையை வாசித்தேன்.

இதழின் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எளிமையா இருக்கும்மா. ஆனா இதைப் பால்காரர்கூட எழுதிடுவாரே?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘எழுதட்டுமே சார், பால்காரர் எழுதினா என்ன?’ என்று கேட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் சண்டை போடுகிற வாய், அங்கே ஒட்டிக்கொண்டது. மாடிப்படி இறங்கும்போது, இவர்களுக்கு நான் யாரென்று காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்தேன். யாரென்று காட்ட, நான் இன்னொருத்தியாக மாற வேண்டியிருந்தது. அதுதான் வேடிக்கை.

சீட்டுகளில் எழுதியதில் சேர்த்து வைத்திருந்த நாற்பது கவிதைகளையும் அகராதியை வைத்துக்கொண்டு திருத்தினேன். அவர் சொல்லித் திருத்தவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். “புஸ்தக வேலை இருக்கும்மா” என்றேன். அம்மா காலிச் சீட்டு கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டாள்.

புத்தகம் வந்தது. ஆசிரியர் முன்னுரையில் என் மொழியை ‘செறிவு’ என்று பாராட்டியிருந்தார். அம்மா அரைநாள் விடுப்புப் போடச் சொல்லி என்னைச் சலவைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்று தேநீர் இடைவேளையில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஊசி துணிக்குவியல் மேல் காலை மடக்கி உட்கார்ந்தாள். அம்மா கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

“முதல்ல அந்தப் போர்வைப் பாட்டு. எத்தனாவது பக்கம்டி?”

“பதினொண்ணு.”

விரலை வைத்தாள். “வெ... ண்... து... கில்.” நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து. “வெண்துகில்... மடிப்பின்... மௌ... மௌனப்... பாழில்...” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இது இல்லடி. போர்வைப் பாட்டு கேட்டேன்.”

“இதுதான்மா அது.”

“இதுல போர்வை எங்க?”

“துகில்தான்மா. துகில்னா துணி.”

“அப்போ துணின்னே போட்டிருக்கலாமே?”

“துணி துவைக்கிறவங்களுக்கே துணி எதுன்னு தெரியாமப் போச்சு பாரு!” என்று இஸ்திரி அக்கா சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வரியில் விரல் நின்றது. நகரவில்லை. இரண்டு வருடமாக அங்கே உரக்கப் படித்தவள், எழுத்து தெரியாதவளாக எல்லோர் முன்னாலும் உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணாடி எடுத்துட்டு வரலை” என்றாள் கடைசியில்.

அம்மாவுக்குக் கண்ணாடியே கிடையாது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஊசி எழுந்து தேநீர்க் குவளைகளை எடுக்கத் தொடங்கினாள்.

அன்று மாலையே புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் போனது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ‘உனக்குப் புரியாத மாதிரி வேணும்னே எழுதினேன்’ என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒரு வருடம் போனது.

போன வாரம் அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எனக்கு விடுமுறை. கொண்டுபோனேன். கூடத்தின் வாசலிலேயே அவள் குரல் கேட்டது. படித்துக்கொண்டிருந்தாள். உரக்க, திக்காமல், பழைய திமிரோடு.

*கிழிஞ்ச இடத்தைத் தச்சாச்சு.*
*தழும்பு தெரியும்.*
*தெரியட்டும்.*
*குளிராது.*

“யார் எழுதினது?” என்றேன்.

அம்மா சீட்டோடு திரும்பினாள். “நம்ம ஊசிதான். நீ நிறுத்தினதுக்கு அப்புறம் சீட்டோட பின்பக்கம் மொட்டையா வருதுன்னு வார்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இவ, எனக்கும் கொஞ்சம் எழுத வரும், நான் எழுதுறேன்னா.”

“சும்மா, கை அரிப்புதான்” என்றாள் ஊசி. வெட்கப்பட்டு நூலைப் பல்லால் கடித்தாள். “உன் அளவுக்கு எல்லாம் வராது பாப்பா. நீ படிச்சவ.”

பொறாமைப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. அதைவிட அதிகமாக, அந்த நாலு வரி எனக்குப் பிடித்திருந்தது. நான் தூக்கி எறிந்ததை அவள் குனிந்து எடுத்திருக்கிறாள்.

“அம்மா, இன்னைக்கு ஒரு சீட்டு நான் எழுதட்டுமா?”

“உனக்கெதுக்குடி இந்த வேலை? புஸ்தகம் போட்டவ நீ.” குத்திக் காட்டவில்லை. உண்மையான மரியாதையோடு சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை.

“ஒண்ணே ஒண்ணும்மா.”

ஒரு காலிச் சீட்டைத் தந்தாள். முன்பக்கத்தில் எழுதினேன்: வார்டு 5, போர்வை, 10. திருப்பினேன். பேனாவை வைத்தேன். ஒரு வார்த்தை வந்தது, பெரிய வார்த்தை. தள்ளினேன். இன்னொன்று வந்தது, அதுவும் அப்படித்தான். சின்ன வார்த்தைகள் எங்கோ போய் ஒளிந்துகொண்டு வரமாட்டேன் என்றன. இடைவேளை முடிந்து மணி அடித்தது.

அம்மா என் கையிலிருந்து சீட்டை வாங்கினாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். முன்பக்கத்துக்குத் திருப்பி, விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்.

“வார்டு அஞ்சு. போர்வை. பத்து.” தலையாட்டினாள். “சரியா இருக்கு.”

ஊக்கை எடுத்துச் சீட்டைப் போர்வைக் கட்டின் மேல் குத்தினாள். வண்டி அதை ஏற்றிக்கொண்டு வார்டுகளின் பக்கம் போனது.