சுவரின் கேரக்டர்

நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவன் நான். சுவரை நம்பமாட்டேன். மனுஷனை அதைவிட நம்பமாட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனதென்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு பழைய மாளிகை ஓட்டலில் அறை போட்டார்கள். பெரிய அதிகாரி யாரோ குடியிருந்த வீடாம். மகளுக்கு வேலை, மாப்பிள்ளைதான் கூட வந்தார். கட்டில் எவ்வளவு உயரமென்றால், ஏறுவதற்கே ஒரு சின்னப் படி போட்டிருந்தார்கள். மனைவி மூட்டுவலிக்காரி. முனகிக்கொண்டே ஏறிப் படுத்தாள்.

"இனிமே என்னை யாரும் இங்கேருந்து எழுப்பக் கூடாது."

அவள் தலைக்கு நேர் மேலே ஒரு விரிசல். கூரையில் தொடங்கி ஜன்னல் வளைவு வரை இறங்கியிருந்தது. பழைய விரிசல் என்றால் உள்ளே அழுக்கேறிக் கறுத்திருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"நூத்தம்பது வருஷ விரிசல் சார். வேணும்னே பூசாம விட்டிருக்கோம். அதுதான் இந்த ரூமோட கேரக்டர்."

"கேரக்டர் சரியில்லன்னா எங்க தெருவுல பொண்ணு குடுக்க மாட்டாங்க. நீங்க அதுக்கு அடியில கட்டிலைப் போடுறீங்க."

மேனேஜர் சிரித்தபடியே போய்விட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"மாமா, வந்த இடத்துல மானத்தை வாங்காதீங்க."

"போன மாசம் டாக்டரையே போலின்னு சொன்ன மனுஷன்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

சொன்னேன்தான். அதற்கென்ன?

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டினால், சுவர் நகரும்போது அது கிழியும். கடிதம் ஒட்ட என்று பொய் சொல்லி, வரவேற்பறையில் பசை வாங்கினேன். மேசையில் ஓட்டலின் சரித்திரம் அச்சடித்த தாள் கிடந்தது. அதில் அதிகாரியின் படம் இருந்த இடத்தைக் கிழித்து, கட்டில் படியில் ஏறி, ஜன்னல் வளைவுக்கு மேல் ஒட்டினேன்.

சாயங்காலம்வரை ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை அதைப் பார்க்கும்போதெல்லாம் இருமினார். அறை கூட்ட வந்தவள் போய்ச் சொல்ல, மேனேஜர் திரும்ப வந்தார்.

"சுவத்துல எதுவும் ஒட்டக் கூடாது சார்."

அப்போது மேலே தண்ணீர் கொட்டும் சத்தம்.

"மேல என்ன?"

"குளிக்கிற தொட்டி ரொம்புது. ஒரே கல்லுல குடைஞ்சது சார்! போன மாசந்தான் வெச்சோம். பதினாறு பேர் தூக்கினாங்க."

காகிதம் விறைத்தது. பிறகு, பட்டென்று, அதிகாரியின் மீசை இரண்டாகப் பிரிந்தது.

மேனேஜர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அம்மா, எந்திரிங்க" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினார்.

"எழுப்பக் கூடாதுன்னேன்ல?"

"எழுந்திருடி. கேரக்டர் விழப்போகுது."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். படியில் கால் வைக்காமலே குதித்து இறங்கினாள். மூட்டுவலியைக் காணோம்.

பின்பக்கம் புதிதாகக் கட்டியதில் ஓர் அறை கொடுத்தார்கள். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையும் தட்டினார்.

"நல்லாருக்கா மாமா?"

"நிக்கும்."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கட்டிலை இங்கே கொண்டுவரச் சொல்லுங்க. தொட்டிக்குப் பதினாறு பேர் கிடைச்சாங்கல்ல?"

மேலே தொட்டியைக் காலி செய்த பிறகு, ஆறு பேர் கொண்டுவந்து போட்டார்கள். படியும் வந்தது. அவள் ஏறிப் படுத்தாள். நான் குனிந்து, கட்டிலின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தேன்.